எறிபொருள் கணக்குகள்: மாணவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

பதினோராம் வகுப்பு இயற்பியலில் இயக்கவியல் பாடம் தொடங்கும் மாதங்களில், மாலை வகுப்பு முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு இரண்டு மூன்று பேர் மட்டும் நோட்டுப் புத்தகத்தோடு மேசையருகே நிற்பார்கள். ஆண்டுதோறும் முகங்கள் மாறுகின்றன, கேள்விகள் மாறுவதில்லை. அந்தக் கேள்விகளை அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால்.

எறிபொருள் சென்று விழும் தொலைவைச் சில நூல்கள் நெடுக்கம் என்றும் சில நூல்கள் வீச்சு என்றும் சொல்கின்றன. இங்கே வீச்சு என்றே எழுதுகிறேன். இலங்கைப் பாடநூல்களில் படிப்பவர்கள் எறிபொருளை எறியம் என்றும் முடுக்கத்தை ஆர்முடுகல் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். எண்கள் எளிதாக வரவேண்டும் என்பதற்காக, வேறுவிதமாகச் சொல்லாத இடங்களில் ஈர்ப்பு முடுக்கம் 10 மீ/வி² என எடுத்திருக்கிறேன்.

எறிபொருள் என்றால் சரியாக என்ன? ராக்கெட்டும் எறிபொருள்தானே?

கையை விட்டுப் போன பிறகு புவியீர்ப்பு ஒன்று மட்டுமே இழுக்கும் பொருள்தான் எறிபொருள். மட்டையில் பட்டுப் பறக்கும் பந்து, குழாய் முனையிலிருந்து பீறிடும் தண்ணீர், நீளம் தாண்டுபவர் காற்றில் இருக்கும் அந்த ஒரு கணம் எல்லாம் இதில் அடங்கும். ராக்கெட் தன் எஞ்சின் எரியும்வரை எறிபொருள் அல்ல, ஏனென்றால் அதை இன்னொரு விசையும் தள்ளிக்கொண்டிருக்கிறது. தீபாவளி ராக்கெட்டில் மருந்து தீர்ந்த பிறகு அதன் குச்சி வளைந்து விழுகிறதே, அந்தப் பகுதியை வேண்டுமானால் எறிபொருள் இயக்கம் எனலாம்.

பந்து ஒரே நேரத்தில் முன்னாலும் போகிறது, மேலேயும் போகிறது. இதை எப்படித் தனித்தனியாகப் பிரிக்க முடியும்? ஒன்று மற்றதைப் பாதிக்காதா?

நான் சொல்வதை நம்ப வேண்டாம், செய்து பாருங்கள். மேசை விளிம்பில் ஓர் அடிக்கோலைச் சற்று வெளியே நீட்டி வையுங்கள். நீட்டிய முனையின் மேல் ஒரு நாணயம், மேசையின் மேல் அடிக்கோலின் பக்கவாட்டை ஒட்டி விளிம்பருகே இன்னொரு நாணயம். இப்போது அடிக்கோலை இரண்டாவது நாணயத்தின் பக்கமாக வெடுக்கென்று சுண்டுங்கள். அடிக்கோல் நகர்ந்துவிடுவதால் முதல் நாணயம் நின்ற இடத்திலிருந்து நேராகக் கீழே விழும். இரண்டாவது நாணயம் சுண்டப்பட்டுத் தொலைவில் போய் விழும். கண்ணை மூடிக்கொண்டு காதால் கேளுங்கள். சிமெண்ட் தரையில் 'டக்' என்று ஒரே ஓசை கேட்கும். இன்னும் வேகமாகச் சுண்டினாலும் அதே ஒற்றை ஓசைதான்.

தொலைவில் விழுந்த நாணயம் கூடுதல் தூரம் போயிருக்கிறது. ஆனாலும் தரையைத் தொட அது எடுத்துக்கொண்ட நேரம் மற்றதன் நேரத்துக்குச் சமம். மேசையின் உயரம் 80 செ.மீ. என்றால் இரண்டுக்கும் 0.4 வினாடி. ஈர்ப்பு கீழ்நோக்கி மட்டுமே இழுக்கிறது. கிடைத்தளத் திசையில் எந்த விசையும் இல்லை, எனவே அந்தத் திசையின் வேகம் தொடக்கத்தில் இருந்தபடியே இருக்கிறது. இந்தப் பக்கத்தில் பின்னால் வரும் அத்தனை விடைகளும் அந்த ஒற்றை ஓசையிலிருந்துதான் பிறக்கின்றன.

கணக்கைப் பார்த்ததும் எந்தச் சூத்திரத்தைப் போடுவது என்றே தெரியவில்லை. எங்கே தொடங்குவது?

சூத்திரத்தில் தொடங்காதீர்கள். பக்கத்தின் நடுவே பென்சிலால் மேலிருந்து கீழாக ஒரு கோடு போடுங்கள். இடப்பக்கம் 'கிடைத்தளம்', வலப்பக்கம் 'செங்குத்து' என்று தலைப்பிடுங்கள். ஒவ்வொரு பத்தியிலும் தொடக்கத் திசைவேகம், முடுக்கம், இடப்பெயர்ச்சி ஆகிய மூன்றையும் வரிசையாக எழுதுங்கள். கிடைத்தளப் பத்தியில் முடுக்கம் எப்போதும் சுழி. செங்குத்துப் பத்தியில் அது எப்போதும் 10, கீழ்நோக்கி. நேரத்தை எந்தப் பத்தியிலும் எழுதாமல் நடுக்கோட்டின் மேலேயே எழுதுங்கள். இரண்டு பத்திகளுக்கும் பொதுவானது அது ஒன்றுதான்.

இனி, எந்தப் பத்தியில் நேரத்தைக் கண்டுபிடிக்கப் போதிய விவரம் இருக்கிறது என்று பாருங்கள். அங்கே நேரத்தைக் கண்டுபிடித்து, கோட்டைத் தாண்டி அடுத்த பத்திக்கு எடுத்துச் செல்லுங்கள். மேலே சொன்ன நாணயம் 2 மீ/வி வேகத்தில் சுண்டப்பட்டது என்றால், செங்குத்துப் பத்தியிலிருந்து 0.4 வினாடி கிடைக்கிறது. கிடைத்தளப் பத்தியில் 2 × 0.4 = 0.8 மீ. கணக்கு முடிந்தது.

வீச்சு, பெரும உயரம், பறக்கும் நேரம் ஆகியவற்றுக்கான மூன்று சூத்திரங்களை மனப்பாடம் செய்வது தவறில்லை, நேரம் மிச்சமாகும். ஆனால் அவை ஒரே தளத்தில் எறிந்து அதே தளத்தில் விழும் பந்துக்கு மட்டுமே உரியவை. அந்த நிபந்தனையை மறந்து மதிப்பெண் இழந்த விடைத்தாள்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் கோட்டை இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

சைன் எங்கே, கோசைன் எங்கே? எப்போதும் குழம்பிவிடுகிறது.

கோணத்தை எதிலிருந்து அளந்திருக்கிறார்கள் என்று முதலில் படியுங்கள். அந்தக் கோட்டை ஒட்டிய கூறுக்குக் கோசைன், அதற்குச் செங்குத்தான கூறுக்குச் சைன். கிடைத்தளத்தோடு 30 பாகையில், 20 மீ/வி வேகத்தில் எறிந்தால் கிடைத்தளக் கூறு 20 × 0.866 = 17.3 மீ/வி. செங்குத்துக் கூறு 20 × 0.5 = 10 மீ/வி. 'செங்குத்தோடு 30 பாகை' என்று கேள்வியில் இருந்தால் இரண்டும் இடம் மாறும். கேள்வி அமைப்பவர்கள் அந்த ஒரு சொல்லை வேண்டுமென்றே மாற்றி வைப்பதுண்டு.

ஒரு நொடிச் சோதனை: கோணம் 45 பாகைக்குக் குறைவென்றால் பந்து தாழ்வாகப் போகிறது, எனவே கிடைத்தளக் கூறுதான் பெரியதாக வரவேண்டும். அப்படி வரவில்லையென்றால் சைனும் கோசைனும் மாறிவிட்டன.

ஈர்ப்பு முடுக்கத்துக்கு எதிர்க்குறி போடவேண்டுமா, வேண்டாமா? ஒரு கணக்கில் போடுகிறார்கள், இன்னொன்றில் போடவில்லை.

இரண்டுமே சரி. எந்தத் திசையை நேர்க்குறி என்று வைப்பது என்பது உங்கள் விருப்பம். கீழே விழுவது மட்டுமே உள்ள கணக்கில் கீழ்த்திசையை நேர்க்குறியாக வைத்தால் எதிர்க்குறியே வராது. மேலே போய்விட்டுக் கீழே வரும் கணக்கில் மேல்த்திசையை நேர்க்குறியாக வைப்பது வசதி. அப்போது ஈர்ப்பு முடுக்கம் −10.

தவறு நேர்வது பாதியில் மாற்றும்போதுதான். தொடக்கத் திசைவேகத்துக்கு மேல்நோக்கி நேர்க்குறி, முடுக்கத்துக்கு எதிர்க்குறி என்று ஒழுங்காக எழுதிவிட்டு, இடப்பெயர்ச்சி வரும்போது 'மாடியின் உயரம் 15 மீட்டர்தானே' என்று +15 போட்டுவிடுவார்கள். பந்து போய்ச் சேர்ந்த இடம் தொடங்கிய இடத்துக்குக் கீழே இருக்கிறது, ஆகவே அது −15. செங்குத்துப் பத்தியின் உச்சியில் ஒரு சிறிய அம்புக்குறி வரைந்து பக்கத்தில் கூட்டல் குறி போட்டுவிடுங்கள். கணக்கு முடியும்வரை அந்த அம்பைப் பார்த்தே ஒவ்வொரு எண்ணுக்கும் குறி போடுங்கள்.

9.8 போடுவதா, 10 போடுவதா?

கேள்வியில் கொடுத்திருப்பதைப் போடுங்கள். கொடுக்கவில்லையென்றால் 9.8. வேறுபாடு 2 விழுக்காடுதான், ஆனால் கொள்குறி வினாவில் பக்கத்துப் பக்கத்து விடைகளாக அவை இருந்துவிடலாம்.

உச்சியில் பந்து ஒரு கணம் நின்றுவிடுகிறது. அப்போது வேகமும் முடுக்கமும் சுழிதானே?

நேராக மேலே எறிந்த பந்துதான் உச்சியில் ஒரு கணம் நிற்கும். சாய்வாக எறிந்த பந்தின் செங்குத்து வேகம் மட்டுமே சுழியாகிறது. 20 மீ/வி வேகத்தில் 30 பாகையில் எறிந்த நம் பந்து உச்சியில் 17.3 மீ/வி வேகத்தில் கிடைத்தளமாக ஓடிக்கொண்டிருக்கிறது. பாதையிலேயே அதன் வேகம் மிகக் குறைவாக இருக்கும் இடம் அதுதான், ஆனால் சுழி அல்ல.

முடுக்கமோ எந்த இடத்திலும் சுழியாவதில்லை. ஈர்ப்பு உச்சியில் மட்டும் ஓய்வெடுக்குமா? உச்சியில் முடுக்கம் சுழியாகிவிட்டால் பந்து அதே உயரத்தில் நேர்க்கோட்டில் போய்க்கொண்டே இருக்கும், கீழே வரவே வராது. ஏறும்போதும், உச்சியிலும், இறங்கும்போதும் அதே 10 மீ/வி² கீழ்நோக்கி.

கணக்கில் பந்தின் நிறையே கொடுக்கவில்லையே? கனமானது சீக்கிரம் விழாதா?

கனமான பொருளை ஈர்ப்பு அதிக விசையோடு இழுக்கிறது, உண்மைதான். ஆனால் அதை அசைப்பதும் அதே அளவுக்குக் கடினம். இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுகின்றன. 1971 ஆகஸ்டில் அப்பல்லோ 15 பயணத்தின்போது டேவிட் ஸ்காட் நிலவில் நின்றபடி ஒரு கையில் சுத்தியலும் மறு கையில் பறவை இறகும் பிடித்து ஒரே நேரத்தில் விட்டார். காற்றில்லாத அங்கே இரண்டும் சேர்ந்தே தரையைத் தொட்டன. இங்கே இறகு பிந்துவது காற்றினால்தான். அதைப் பற்றிக் கடைசியில் வருகிறது.

மாடியிலிருந்து எறியும் கணக்கில் பறக்கும் நேரச் சூத்திரம் போட்டால் விடை தப்பாக வருகிறது. ஏன்?

அந்தச் சூத்திரம் பந்து புறப்பட்ட உயரத்துக்கே திரும்பி வரும் நேரத்தைத் தருகிறது. மாடியிலிருந்து எறிந்த பந்து அந்த உயரத்தைத் தாண்டிக் கீழேயும் போகிறது. எனவே கோடு போட்ட முறைக்கே வாருங்கள்.

15 மீ உயர மாடியிலிருந்து 20 மீ/வி வேகத்தில், கிடைத்தளத்துக்கு மேலே 30 பாகையில் எறிகிறோம். செங்குத்துப் பத்தியில், மேல்த்திசை நேர்க்குறி: தொடக்கத் திசைவேகம் +10, முடுக்கம் −10, இடப்பெயர்ச்சி −15. இடப்பெயர்ச்சி = தொடக்கத் திசைவேகம் × நேரம் + ½ × முடுக்கம் × நேரம்² என்ற சமன்பாட்டில் இட்டால்

−15 = 10 × நேரம் − 5 × நேரம்²

ஐந்தால் வகுத்து ஒழுங்குபடுத்தினால் நேரம்² − 2 × நேரம் − 3 = 0. காரணிப்படுத்தினால் நேரம் 3 வினாடி அல்லது −1 வினாடி. நமக்கு வேண்டியது 3. கிடைத்தளப் பத்தியில் 17.3 × 3 = 52 மீ. மேலே போகும் பகுதி, கீழே வரும் பகுதி என்று கணக்கை இரண்டாக உடைக்க வேண்டியதே இல்லை. உடைத்தாலும் இதே விடை வரும், ஆனால் தவறு செய்ய இடம் இரு மடங்காகும்.

அந்த −1 வினாடி என்ன? எதிர்க்குறி நேரத்துக்குப் பொருள் உண்டா, வெறுமனே அடித்துவிடலாமா?

அடித்துவிடலாம், ஆனால் அதற்கு முன் ஒரு நிமிடம் நின்று பாருங்கள், அழகான விஷயம் அது. சமன்பாட்டுக்கு நம் மாடியைப் பற்றி எதுவும் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் பந்து போகும் வளைந்த பாதையான ஒரு பரவளையம் மட்டுமே. அந்தப் பரவளையத்தைப் பின்னோக்கி நீட்டினால் அது மாடிக்குப் பின்னால் தரையைத் தொடும். அதாவது, நீங்கள் எறிவதற்கு 1 வினாடி முன்னால் யாரோ ஒருவர் தரையிலிருந்து சரியான வேகத்தில் எறிந்திருந்தால், அந்தப் பந்து இப்போது உங்கள் கையருகே இதே திசைவேகத்தோடு கடந்து போகும். அவர் எறிய வேண்டிய செங்குத்து வேகம் 20 மீ/வி மேல்நோக்கி. மறுபக்கம் 3 வினாடியில் தரையைத் தொடும்போது செங்குத்து வேகம் 10 − 30 = −20 மீ/வி. இரண்டும் சமம். பரவளையத்தின் சமச்சீர் இங்கே கண்ணெதிரே தெரிகிறது.

தரையில் விழும்போது பந்து நின்றுவிடுவதால் இறுதித் திசைவேகம் சுழி என்று போட்டேன். தப்பு என்கிறார்கள்.

நம் சமன்பாடுகள் பந்து காற்றில் இருக்கும்வரைதான் செல்லும். தரை அதைத் தடுத்து நிறுத்துவது வேறொரு நிகழ்வு, அங்கே முடுக்கம் 10 அல்ல. எனவே இறுதித் திசைவேகம் என்பது தரையைத் தொடுவதற்குச் சற்று முந்தைய கணத்தின் திசைவேகம்.

மாடிக் கணக்கில் அது எவ்வளவு? கிடைத்தளக் கூறு 17.3, செங்குத்துக் கூறு 20. இரண்டின் இருமடிகளையும் கூட்டினால் 300 + 400 = 700. வர்க்கமூலம் 26.5 மீ/வி. ஆற்றல் அழிவின்மையாலும் சரிபார்க்கலாம்: 20² + 2 × 10 × 15 = 700. இந்த இரண்டாவது வழியில் கோணம் நுழையவே இல்லை என்பதைக் கவனியுங்கள். அதே மாடியிலிருந்து அதே வேகத்தில் எந்தக் கோணத்தில் எறிந்தாலும் தரையைத் தொடும் வேகம் ஒன்றே, திசை மட்டும் மாறும்.

45 பாகையில் எறிந்தால்தான் அதிக தூரம் போகும் என்று படித்தோம். எப்போதுமே அப்படித்தானா?

புறப்படும் தளமும் விழும் தளமும் ஒன்றாக இருந்து, காற்றுத்தடையும் இல்லையென்றால், ஆம். இத்தாலியைச் சேர்ந்த தார்தாலியா 1537-இலேயே பீரங்கிக்கு 45 பாகைதான் உகந்தது என்று எழுதிவிட்டார். பாதை பரவளையம் என்று காட்டி அதற்குச் சரியான நிறுவலைத் தந்தவர் கலிலியோ. அவருடைய நூல் 1638-இல் வெளிவந்தது.

குண்டு எறிதலைப் பாருங்கள். 7.26 கிலோ குண்டு வீரரின் கையை விடும்போது தரையிலிருந்து ஏறத்தாழ 2 மீ உயரத்தில் இருக்கிறது. 14 மீ/வி வேகத்தில் எறிந்தால், 9.8 எடுத்துக் கணக்கிட்டால், அதிக தூரம் தரும் கோணம் 42.4 பாகை, தூரம் 21.9 மீ. உயரத்திலிருந்து எறிவதால் பறக்கும் நேரம் ஓரளவு இலவசமாகவே கிடைக்கிறது, அதனால் வேகத்தில் சற்றுக் கூடுதல் பங்கைக் கிடைத்தளத்துக்குக் கொடுப்பதே இலாபம். தேர்ந்த வீரர்கள் அதைவிடவும் தாழ்வாக, 40 பாகைக்கும் குறைவாகவே எறிகிறார்கள். காரணம் உடல். மேல்நோக்கித் தள்ளுவதைவிட முன்னோக்கித் தள்ளும்போது கைக்கு அதிக வேகம் கிடைக்கிறது. எல்லாக் கோணத்துக்கும் ஒரே வேகம் என்ற அனுமானம் அங்கே உடைகிறது.

இரண்டு வேறு கோணங்களில் எறிந்தும் பந்து ஒரே இடத்தில் விழுமா?

விழும். 45-க்கு எவ்வளவு மேலே போகிறோமோ அவ்வளவு கீழேயும் போனால் வீச்சு சமம். 30-உம் 60-உம் ஒரு இணை, 20-உம் 70-உம் இன்னொரு இணை. இதையும் கலிலியோவே காட்டியிருக்கிறார். நம் 20 மீ/வி பந்து 30 பாகையில் 2 வினாடி பறந்து 5 மீ உயரம் போய் 34.6 மீட்டரில் விழுகிறது. 60 பாகையில் 3.46 வினாடி பறந்து 15 மீ உயரம் போய் அதே 34.6 மீட்டரில் விழுகிறது. முதல் பந்து வேகமாக ஓடிக் குறைந்த நேரமே இருக்கிறது. இரண்டாவது மெதுவாக ஓடி அதிக நேரம் இருக்கிறது.

தேர்வுக்குப் படிப்பவர்கள் இன்னொன்றையும் குறித்துக்கொள்ளலாம். இந்த இரண்டு உயரங்களின் கூடுதல் 20 மீ. அதே வேகத்தில் நேராக மேலே எறிந்தால் போகும் உயரமும் 20 மீ. எந்த இணைக்கும் இது பொருந்தும்.

பந்து வழியில் உள்ள சுவரைத் தாண்டுமா என்று கேட்டால் எப்படித் தொடங்குவது?

இங்கே நேரம் கிடைத்தளப் பத்தியிலிருந்து வருகிறது, அதுதான் ஒரே வேறுபாடு. 20 மீ/வி, 45 பாகை, 30 மீ தொலைவில் சுவர். கிடைத்தளக் கூறு 14.14, ஆகவே சுவரை அடைய 2.12 வினாடி. அதைச் செங்குத்துப் பத்திக்கு எடுத்துச் சென்றால் உயரம் 30 − 22.5 = 7.5 மீ. சுவர் அதைவிடத் தாழ்ந்தது என்றால் பந்து தாண்டும். இந்தப் பந்தின் வீச்சு 40 மீ. எனவே 10 மீட்டரிலும் அது இதே 7.5 மீ உயரத்தில்தான் இருக்கும். வேண்டுமானால் போட்டுப் பாருங்கள்.

பறக்கும் விமானத்திலிருந்து பொட்டலத்தைப் போட்டால் நேராகக் கீழே விழாதா? 'போட்டான்' என்றுதானே இருக்கிறது, 'எறிந்தான்' என்று இல்லையே?

போட்ட கணத்தில் பொட்டலத்துக்கு விமானத்தின் வேகம் அப்படியே இருக்கிறது. 'கைவிட்டான்', 'நழுவியது' என்ற சொற்களைப் பார்த்துத் தொடக்கத் திசைவேகம் சுழி என்று எழுதிவிடாதீர்கள். 500 மீ உயரத்தில் 100 மீ/வி வேகத்தில் கிடைத்தளமாகப் பறக்கும் விமானம் என்றால் பொட்டலம் 10 வினாடியில், 1,000 மீ முன்னால் விழும். காற்றுத்தடை இல்லையென்றால் அப்போது விமானமும் அதற்கு நேர் மேலேதான் இருக்கும். வெள்ளத்தில் சிக்கியவர்களுக்கு உணவு போடுபவர்கள் அவர்கள் தலைக்கு மேல் வருமுன்பே போட வேண்டியிருப்பது இதனால்தான்.

ஓடும் பஸ்ஸில் நேராக மேலே எறிந்த பந்து கைக்கே திரும்புகிறது. அது எறிபொருள் இல்லையா?

சாலையோரம் நிற்பவருக்கு எறிபொருள், உங்களுக்கு நேர்க்கோட்டு இயக்கம். பஸ்ஸின் வேகம் பந்துக்கும் உண்டு, முந்தைய பொட்டலத்தைப் போலவே. பஸ் சீராக ஓடும்வரைதான் இது. பந்து காற்றில் இருக்கும்போது ஓட்டுநர் பிரேக் போட்டால் பஸ் பிந்தும், பந்து உங்களுக்கு முன்னால் போய் விழும்.

கிளையில் இருக்கும் மாங்காயைக் குறிபார்த்துக் கல் எறிகிறோம். கல் புறப்படும் அதே கணத்தில் மாங்காய் காம்பிலிருந்து கழன்று விழுகிறது. சற்றுக் கீழே குறிபார்க்க வேண்டாமா?

வேண்டாம், நேராக மாங்காயையே குறிபார்க்க வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது. ஈர்ப்பே இல்லையென்றால் கல் குறிபார்த்த நேர்க்கோட்டில் போகும், மாங்காய் கிளையிலேயே நிற்கும், கல் அதில் படும். ஈர்ப்பு வந்ததும் கல் அந்த நேர்க்கோட்டிலிருந்து கீழே இறங்குகிறது, மாங்காய் கிளையிலிருந்து கீழே இறங்குகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே அளவு இறங்குகின்றன. நாணயங்களின் அந்த ஒற்றை ஓசைதான் இங்கேயும்.

மாங்காய் 20 மீ தள்ளி, 15 மீ உயரத்தில் இருக்கட்டும். கல்லின் வேகம் 25 மீ/வி. நேர்க்கோட்டுத் தூரம் 25 மீ, ஆகவே கிடைத்தளக் கூறு 20, செங்குத்துக் கூறு 15. ஒரு வினாடியில் கல் மாங்காயின் செங்குத்துக் கோட்டை அடைகிறது. அதன் உயரம் 15 − 5 = 10 மீ. மாங்காயும் 5 மீ விழுந்து 10 மீட்டரில் இருக்கிறது. ஆனால் கல்லுக்குப் போதிய வேகம் வேண்டும். 10 மீ/வி வேகத்தில் எறிந்தால் கல் பாதி வழியிலேயே தரையில் விழுந்துவிடும்.

வீச்சும் பெரும உயரமும் சமமாக வேண்டுமென்றால் கோணம் என்ன? சூத்திரத்தை மறந்துவிட்டால் எப்படிப் போடுவது?

வீச்சு = கிடைத்தளக் கூறு × பறக்கும் நேரம். உச்சிக்குப் போகப் பாதி நேரம், அந்த ஏற்றத்தில் செங்குத்து வேகத்தின் சராசரியும் தொடக்க வேகத்தில் பாதி. எனவே உயரம் = செங்குத்துக் கூறு × பறக்கும் நேரம் ÷ 4. இரண்டும் சமம் என்றால் செங்குத்துக் கூறு கிடைத்தளக் கூறைப்போல் 4 மடங்கு. டேன்ஜென்ட் 4, கோணம் ஏறத்தாழ 76 பாகை.

சாய்தளத்தில் விழும் கணக்கு வந்தால் அச்சுகளைச் சாய்த்துத்தான் ஆக வேண்டுமா?

கட்டாயமில்லை. கிடைத்தளமாக எறியும் கணக்குகளில் அச்சுகளை அப்படியே விடுவதுதான் சுலபம். 45 பாகைச் சரிவின் உச்சியிலிருந்து 20 மீ/வி வேகத்தில் கிடைத்தளமாக எறிந்தால், பந்து சரிவைத் தொடும் இடத்தில் இறங்கிய அளவும் முன்னே போன அளவும் சமமாக இருக்க வேண்டும். 5 × நேரம்² = 20 × நேரம். நேரம் 4 வினாடி. முன்னே 80 மீ, கீழே 80 மீ, சரிவின் வழியே 113 மீ. சாய்தளத்துக்குச் செங்குத்தாகப் பந்து எவ்வளவு விலகிப் போகும் என்று கேட்டால் மட்டும் அச்சுகளைச் சாய்ப்பது பயன் தரும். அப்போது ஈர்ப்பு முடுக்கத்துக்கும் இரண்டு கூறுகள் வந்துவிடும், இரண்டு பத்திகளிலும் முடுக்கம் இருக்கும் என்பதை மறக்காதீர்கள்.

உண்மையான பந்து இப்படியெல்லாம் போகிறதா? காற்றுத்தடையைச் சேர்த்தால் என்ன ஆகும்?

மெதுவாகப் போகும், கனமான பொருளுக்கு நம் கணக்கு நன்றாகவே பொருந்தும். குண்டு எறிதலில் காற்றின் பங்கு மிகச் சிறிது. கிரிக்கெட் பந்து அப்படியல்ல. 40 மீ/வி வேகத்தில் 45 பாகையில் பறக்கும் பந்து, 9.8 எடுத்தால், 163 மீ போக வேண்டும் என்கிறது சூத்திரம். ஆனால் அந்த வேகத்தில் காற்றின் தடை ஏறக்குறைய பந்தின் எடைக்கு நிகராக இருக்கிறது, எனவே பந்து அதற்கு வெகு முன்பே விழுந்துவிடும். ஏறிய சரிவைவிட இறங்கும் சரிவு செங்குத்தாகும், பரவளையத்தின் சமச்சீர் போய்விடும்.

ஈட்டி இன்னும் வேறு. 2021-இல் டோக்கியோவில் நீரஜ் சோப்ரா எறிந்த 87.58 மீட்டருக்குச் சூத்திரப்படி 45 பாகையில் 29.3 மீ/வி வேண்டும் என்று போடலாம், ஆனால் ஈட்டியைக் காற்று தடுக்க மட்டும் செய்வதில்லை, ஏந்தவும் செய்கிறது. 1984-இல் கிழக்கு ஜெர்மனி வீரர் உவே ஹோன் ஈட்டியை 104.80 மீ எறிந்தார். மைதானங்கள் கொள்ளாத அளவுக்குத் தூரம் வளர்ந்ததாலும் ஈட்டி தட்டையாக விழுந்ததாலும், 1986-இல் ஆடவர் ஈட்டியின் ஈர்ப்பு மையத்தை முன்னால் தள்ளி விதியையே மாற்றினார்கள்.

அப்படியானால் காற்றுத்தடையோடும் இரண்டு பத்தி முறை செல்லுமா?

கோடு இருக்கும், ஆனால் அதன் இருபுறமும் ஒன்றோடொன்று பேசத் தொடங்கிவிடும். பந்தின் மேலான காற்றுத்தடை அதன் மொத்த வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. ஆகவே பந்து செங்குத்தாக வேகமாகப் போகும்போது கிடைத்தள வேகமும் கூடுதலாகக் குறைகிறது. 'ஒன்று மற்றதைப் பாதிக்காதா?' என்ற இரண்டாவது கேள்விக்கு இங்கே விடை, பாதிக்கும் என்பதே. நாணயங்கள் மெதுவாக, 0.4 வினாடி மட்டுமே பறந்ததால் அந்த வேறுபாடு காதுக்குத் தெரியவில்லை.

இதற்கு எளிய சூத்திரம் கிடையாது. 0.01 வினாடிக்கு ஒருமுறை திசைவேகத்தையும் முடுக்கத்தையும் புதிதாகக் கணக்கிட்டுக்கொண்டே போக வேண்டும். எக்செல்லில் சில நூறு வரிகளில் செய்துவிடலாம். ஆர்வம் உள்ளவர்கள் கட்டாயம் செய்து, வரும் வளைகோட்டைப் பரவளையத்தின் மேல் வைத்துப் பாருங்கள்.

தேர்வில் 'காற்று கிடைத்தளமாக மாறாத முடுக்கம் தருகிறது' என்று கொடுத்திருந்தார்கள். அதுவும் அப்படித்தான் செய்ய வேண்டுமா?

இல்லை, அது எளிது. முடுக்கம் மாறாதது என்று அவர்களே சொல்லிவிட்டதால் பத்திகள் பேசிக்கொள்வதில்லை. கிடைத்தளப் பத்தியில் முடுக்கம் என்ற இடத்தில் சுழிக்குப் பதில் அந்த எண்ணை எழுதுங்கள். 20 மீ/வி, 30 பாகைப் பந்துக்குக் காற்று முன்னோக்கி 2 மீ/வி² தருகிறது என்றால், செங்குத்துப் பத்தி மாறவில்லை, பறக்கும் நேரம் அதே 2 வினாடி. வீச்சு 34.6 + ½ × 2 × 4 = 38.6 மீ.